முகத்தைக் கடைசியில் பாருங்கள்: சிறிய பைசண்டைன் செப்புக் காசுகளை இனங்காணும் முறை

பைசண்டைன், அதாவது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின், காசு ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது, முன்பக்கத்தைத் திருப்பி அந்த முகம் யாருடையது என்று தேடுவதுதான். பெரிய காசுகளில் அது ஓரளவு பலன் தரும். விரல் நகத்தளவே உள்ள சிறு காசுகளில் அது நேரத்தைத் தின்றுவிட்டுத் தவறான பெயரைக் கொடுக்கும். 6-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் ஜஸ்டினின் முகமும் அவருக்குப் பின் வந்த ஜஸ்டினியனின் முகமும் சிறு காசுகளில் ஒரே வார்ப்பு: வலப்பக்கம் பார்க்கும் தலை, முத்து வைத்த பட்டம், தோளில் ஒரு மடிப்பு. சுற்றிவர இருக்க வேண்டிய பெயர் பாதிக்கு மேல் காசில் இருக்காது. அச்சு பெரியது, தகடு சிறியது. எழுத்துகள் விளிம்புக்கு வெளியே போய்விட்டன.

ஆகவே பின்பக்கத்தில் தொடங்குங்கள். எடையையும் விட்டத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசர் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

நான் லண்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கண்ணாடித் தகட்டில் இரத்தத் துளியைப் பார்க்கும்போது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், காண்பதை முதலில் எழுது, நோயின் பெயரைப் பிறகு எழுது என்பது. காசுகளுக்கும் நான் அதையே கடைப்பிடிக்கிறேன். நாணயக் கண்காட்சிகளில் விற்பனையாளர்கள் மேசையின் ஓரத்தில் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். இனங்காணாத செப்புக் காசுகள், எதை எடுத்தாலும் ஒரே விலை. என் சேகரிப்பு முழுவதும் அந்தத் தட்டுகளிலிருந்து வந்தது.

தங்கக் காசுகள் மேல் எனக்கு ஆசை வந்ததில்லை. சாலிடஸ் என்னும் தங்கக் காசு வரியாகவும் பெருஞ்சம்பளமாகவும் ஓடியது. ரொட்டியும் வெங்காயமும் வாங்கிய கைகளில் இருந்தவை இந்தச் செப்புக் காசுகள். 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், முன்பு ஒரு தங்கக் காசுக்கு 210 பெரிய செப்புக் காசுகள் கொடுத்துவந்த நாணயமாற்றுக்காரர்கள் ஜஸ்டினியன் காலத்தில் 180 மட்டுமே கொடுக்கும்படி ஆயிற்று என்று கோபமாக எழுதுகிறார். அந்தப் பெரிய காசு ஒன்று 40 நம்மஸ்; நம்மஸ் என்பது இருந்தவற்றிலேயே மிகச்சிறு செப்புக் காசு. அப்படியென்றால் 7,200 நம்மஸ் சேர்ந்தால்தான் ஒரு சாலிடஸ். உங்கள் உள்ளங்கையில் இருக்கும் அந்தப் பச்சைத் துகள் அந்த 7,200-இல் ஒன்று. அதை அலட்சியமாக ஒரு பொட்டலத்தில் போட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வெளிச்சமும் அழுக்கும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் மின்தராசு, விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர், கழுத்து வளையும் மேசை விளக்கு. இவ்வளவு போதும். இவற்றில் முக்கியமானது விளக்கு. தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தேய்ந்த காசு வெறும் தகடாகத்தான் தெரியும். விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி காசின் மேல் பக்கவாட்டில் படும்படி வைத்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் எழுத்தின் ஒரு கால் எழுந்து நிற்கும், இன்னொரு கோணத்தில் அடுத்த கால். தெரிந்ததை உடனே தாளில் வரையுங்கள். கைபேசியில் படம் எடுப்பதற்கு முன்னரே வரைந்துவிடுவது நல்லது. உண்மையில் தெரிவது எது, தெரிவதாக நாம் நினைத்துக்கொள்வது எது என்பது வரையும்போதுதான் பிரியும்.

புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் காசின் அருகே வரக்கூடாது. குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் அதே புளிப்பு, பழங்காசின் களிம்பைக் கரைத்து, களிம்பிலேயே தங்கியிருக்கும் எழுத்தையும் கொண்டுபோய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள், நீரை மாற்றிக்கொண்டே இருங்கள், மென்மையான பல்துலக்கியால் மண்ணை மட்டும் எடுங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அவற்றைக் களிம்பு என்று விட்டுவிடாதீர்கள். குளோரைடு உப்பு செம்பை உள்ளிருந்து தின்கிறது. அந்தக் காசைத் தனியே, ஈரம் படாமல் வையுங்கள்.

நடுவில் நிற்கும் பெரிய எழுத்து

அனஸ்தாசியஸ் பேரரசர் 498-இல் செப்புக் காசுகளைச் சீர்திருத்தினார். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளாகக் கிழக்குச் சந்தைகளில் ஓடியது பெரும்பாலும் நம்மஸ் என்ற மிகச்சிறு காசுதான். சிறு பொருள் வாங்கக்கூட அதைக் கைநிறைய எண்ண வேண்டியிருந்தது. அனஸ்தாசியஸின் நிதி அதிகாரியான பாஃப்லகோனியா நாட்டு ஜான், நம்மஸின் மடங்குகளாகப் புதிய காசுகளை அடித்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அதன் மதிப்பைப் பெரிய கிரேக்க எழுத்தாகப் பொறித்தார். கிரேக்கத்தில் எழுத்தே எண்ணாகவும் நின்றது. பழைய தமிழ்ப் புத்தகங்களின் பக்க எண்களில் ௧, ௨ என்று எழுத்துச் சாயலில் எண்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

எழுத்துகளை ஆங்கிலப் பெயரால் குறிக்கிறேன், வடிவம் ஒன்றுதான். எம் என்றால் 40 நம்மஸ், இதற்கு ஃபாலிஸ் என்று பெயர். கே என்றால் 20, அரை ஃபாலிஸ். ஐ என்றால் 10, டெக்கானம்மியம். ஈ என்றால் 5, பென்டானம்மியம். இந்த ஈ பெரும்பாலும் பிறை வடிவில் வளைந்து, நடுவில் ஒரு குறுக்குக் கோட்டோடு இருக்கும். தேய்ந்த காசில் அதைச் சி என்று படித்துவிட வாய்ப்புண்டு. மேற்கு நாணயச்சாலைகளில் எக்ஸ், எக்ஸ்-எக்ஸ் என்று ரோமன் எண்களும் வரும்.

எழுத்தைக் கண்டதும் தராசில் வையுங்கள். நம்மஸ் 8 முதல் 10 மில்லிமீட்டர், எடை ஒரு கிராமுக்குக் கீழே. பென்டானம்மியம் 12 முதல் 16 மில்லிமீட்டர், எடை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிராம். டெக்கானம்மியம் 15 முதல் 20 மில்லிமீட்டர், மூன்று முதல் ஐந்து கிராம், சில வேளை அதற்கும் மேல். அரை ஃபாலிஸின் எடை காலத்துக்குக் காலம் மிகவும் மாறுவதால் அதற்கு ஒரு வரம்பு சொல்வதில் பயனில்லை.

எடையை மட்டும் நம்பினாலும் வழுக்கும். எம் எழுத்துள்ள காசு சிறியதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அனஸ்தாசியஸின் முதல் ஃபாலிஸ்கள் ஒன்பது கிராம் அளவிலேயே இருந்தன. 512-இல்தான் அவர் எடையை இரட்டிப்பாக்கினார். ஜஸ்டினியன் 538-இல் அதை இன்னும் உயர்த்தி, இருபது கிராமையும் தாண்டவைத்தார். பிறகு பஞ்சமும் போரும் கொள்ளைநோயும் அதை இறக்கிக்கொண்டே வந்தன. ஹெராக்ளியஸின் பேரன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் (641–668) காலத்தில் அதே எம் எழுத்து மூன்று, நான்கு கிராம் துண்டுகளில் நிற்கிறது. ஆகவே எம் உள்ள சிறு காசு நேர்த்தியான வட்டமாக, பக்கவாட்டு முகத்தோடு இருந்தால் அனஸ்தாசியஸை நினையுங்கள். வெட்டிய தகடு போலக் கோணலாக, நேரே நிற்கும் உருவத்தோடு இருந்தால் 7-ஆம் நூற்றாண்டுக்குப் போங்கள்.

கான்ஸ்டன்ஸின் காசுகள் என் மனத்துக்கு மிக நெருங்கியவை. பழைய காசுகளை வெட்டி, அந்தத் துண்டுகளின் மேலேயே புதிய அச்சை அடித்திருக்கிறார்கள். அரசர் சிலுவை பிடித்து நிற்பார். அவரைச் சுற்றி கிரேக்கத்தில் "என் டூட்டோ நிக்கா", இதைக்கொண்டு வெல்வாய், என்று இருக்கும். பின்பக்கத்தில் எம்முக்கு இடப்புறம் மேலிருந்து கீழாக ஏ-என்-ஏ, வலப்புறம் என்-ஈ-ஓ. புதுப்பித்தல் என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லின் தொடக்கம் அது. சிரியாவை இழந்து, எகிப்தையும் இழந்துகொண்டிருந்த அரசு அந்தச் சொல்லைத் தன் மிக மலிவான காசில் பொறித்தது. இந்த ஆறு எழுத்துகளில் இரண்டு தெரிந்தாலே காசு இனங்காணப்பட்டுவிடும்.

எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்றாக, வெவ்வேறு கோணங்களில் தெரிந்தால் பதற வேண்டாம். மேலடிப்பு அது. ஹெராக்ளியஸ் காலத்தில், அவருக்கு முன் ஆண்ட ஃபோகாஸ், மோரிஸ் ஆகியோரின் காசுகள் மேல் இப்படி நிறைய அடித்தார்கள். இரண்டு அடுக்குகளையும் தனித்தனியே, இரு நிறப் பென்சில்களில் வரைந்து பாருங்கள்.

நகரம்

எம் உள்ள காசுகளிலும் கே உள்ள சில காசுகளிலும் எழுத்தின் அடியில் ஒரு கோடு, அதன் கீழே நாணயச்சாலையின் சுருக்கப் பெயர் இருக்கும். சி-ஓ-என் என்றால் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள். என்-ஐ-கே என்று தொடங்கினால் நிக்கோமீடியா. கே-ஒய்-இசட் என்றால் சிசிக்கஸ். டி-ஈ-எஸ் அல்லது டி-எச்-ஈ-எஸ் என்றால் தெசலோனிக்கா. கே-ஏ-ஆர் அல்லது சி-ஏ-ஆர் என்றால், வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்களிடமிருந்து 533-இல் மீட்கப்பட்ட கார்த்தேஜ். மோரிஸ் காலம் முதல் சிசிலியின் கட்டானியாவும் சி-ஏ-டி என்று சேர்ந்துகொள்கிறது.

அந்தியோக்கியாவுக்குத் தனியே ஒரு பத்தி வேண்டும். 526-இலும் 528-இலும் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களுக்குப் பின் அந்நகருக்குத் தியோபோலிஸ், கடவுளின் நகர், என்று பெயர் மாற்றினார்கள். அதனால் ஏ-என்-டி என்று தொடங்கும் காசு நிலநடுக்கத்துக்கு முந்தையது. டி-எச்-ஈ-யு-பி என்று தொடங்குவது பிந்தையது. நான்கைந்து எழுத்துகளைக் கொண்டு ஒரு பேரழிவின் எந்தப் பக்கத்தில் காசு நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பிற்கால அந்தியோக்கியக் காசுகளில் அரசர் பெயர் பெரும்பாலும் எழுத்துக் குலைந்து, படிக்கவே முடியாதபடி இருக்கும். பெயர் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தும் ஒரு சொல்லாகவும் சேரவில்லை என்றால், அடியில் டி-எச்-ஈ-யு-பி இருக்கிறதா என்று பாருங்கள்.

நகரப் பெயருக்கே இடமில்லாத பென்டானம்மியங்களில் எழுத்துக்கு அருகில் தனியாக ஓர் எழுத்து மட்டும் நிற்கும்: ஏ, பி, காமா, முக்கோணமான டெல்டா, ஈ. நாணயச்சாலைக்குள் எந்தப் பட்டறையில் அடித்தது என்பதன் குறி அது. மதிப்பு எழுத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரியது மதிப்பு, சிறியது பட்டறை.

இரண்டு நகரங்கள் தமக்கென்று தனி எண் வைத்திருந்தன. தெசலோனிக்கா ஜஸ்டினியன் காலத்தில் 16, 8, 4 என்று அடித்தது. 16 என்பது ஐ-யும், எஸ் போல வளைந்த பழைய கிரேக்க ஆறும் சேர்ந்தது. அலெக்சாண்டிரியாவோ 12, 6, 3 என்று போனது. ஐ-யும் பி-யும், நடுவில் ஒரு சிலுவையும் உள்ள தடித்த, குட்டையான காசு கிடைத்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், அலெக்சாண்டிரியாவின் 12 நம்மஸ். கிழக்கின் வேறு நாணயச்சாலைகளின் காசுகள் மெல்லியவை, விரிந்தவை. அலெக்சாண்டிரியக் காசு விரல்களுக்கு நடுவே உருண்டையாகத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடலாம். அந்த 12 நம்மஸ்களில் முகத்தின் இருபுறமும் ஒரு நட்சத்திரமும் ஒரு பிறையும் தெரிந்தால் கூடுதல் கவனத்தோடு வையுங்கள். 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரசீகர் எகிப்தைப் பிடித்துப் பத்தாண்டு அளவில் ஆண்டபோது அடித்தவை அவை. ஐ-பி அப்படியே இருக்கிறது, சிலுவையும் அப்படியே இருக்கிறது. சந்தைக்குத் தெரிந்த காசை மாற்றாமல் சூரியனையும் சந்திரனையும் மட்டும் சேர்த்திருக்கிறார்கள்.

ஆண்டுக் கணக்கு

538-39-இல், தன் 12-ஆம் ஆட்சியாண்டில், ஜஸ்டினியன் காசுகளில் ஆண்டைப் பொறிக்கத் தொடங்கினார். அப்போதே முகமும் பக்கவாட்டிலிருந்து நேர்முகமாகத் திரும்பியது. மதிப்பு எழுத்துக்கு இடப்புறம் ஏ-என்-என்-ஓ, ஆண்டு என்ற லத்தீன் சொல், மேலிருந்து கீழாக இருக்கும். வலப்புறம் எண். பென்டானம்மியங்களில் இந்த ஆண்டெழுத்து பொதுவாகக் கிடையாது. முகமும் பெரும்பாலும் பழையபடி பக்கவாட்டிலேயே நின்றது. அதனால் பக்கவாட்டு முகத்தை மட்டும் வைத்து ஒரு பென்டானம்மியத்தை 538-க்கு முந்தையது என்று எழுதிவிடக்கூடாது.

கணக்கு எளிது: பட்டமேறிய ஆண்டோடு காசின் எண்ணைக் கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். ஜஸ்டினியன் 527, இரண்டாம் ஜஸ்டின் 565, மோரிஸ் 582, ஃபோகாஸ் 602, ஹெராக்ளியஸ் 610. இரண்டாம் டைபீரியஸ் மட்டும் விலக்கு. அவர் தனியாட்சி தொடங்கியது 578-இல் என்றாலும், சீசராக, அதாவது துணையரசராக, ஆக்கப்பட்ட 574-இலிருந்து ஆண்டை எண்ணினார். எண்ணில் ஆறு எஸ் அல்லது ஜி போல வளைந்திருக்கும். நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐந்து யு போல வால் வைத்து வரும்.

பெயர் அழிந்த காசில் இந்த எண் யார் யார் இல்லை என்பதைச் சொல்லிவிடும். இரண்டாம் ஜஸ்டினின் காசுகள் 13-ஆம் ஆண்டோடு முடிகின்றன. ஃபோகாஸ் எட்டாண்டுகளே ஆண்டார். மோரிஸ் இருபதை ஒட்டி நின்றுவிடுகிறார். முப்பதுக்கு மேல் ஓர் எண் தெரிந்தால் களத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் ஜஸ்டினியன் ஒருவர்தான், 31-ஆம் ஆண்டோடு ஹெராக்ளியஸும்.

இப்போது முன்பக்கம்

இரண்டு பேர் அரியணையில் அருகருகே உட்கார்ந்திருந்தால் இரண்டாம் ஜஸ்டினும் அரசி சோஃபியாவும். கே காசுகளில் இந்த இணை நிறையக் கிடைக்கிறது. இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தால் அந்தியோக்கியாவில் ஃபோகாஸும் அரசி லியோன்டியாவும், அல்லது ஹெராக்ளியஸும் அவர் மகனும். நேர்முகத்தில் கூர்ந்த சிறு தாடி என்றால் ஃபோகாஸ். மார்பு வரை இறங்கும் தாடி ஹெராக்ளியஸின் 629-க்குப் பிந்தைய காசுகளிலும், அவருக்குப் பின் கான்ஸ்டன்ஸின் பிற்காலக் காசுகளிலும் வரும்.

முகமே இல்லாமல், எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய ஒரு கூட்டெழுத்து இருந்து, மறுபக்கம் ஈ நின்றால் இரண்டாம் ஜஸ்டினின் பென்டானம்மியம். இது மலிவான தட்டுகளில் அடிக்கடி கிடைக்கும் காசு. கூட்டெழுத்துப் பக்கத்தைத் தேய்ந்த முகம் என்று எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

பென்டானம்மியங்களில் என்னை இன்றும் நிறுத்திவைப்பது முதலாம் ஜஸ்டின் காலத்து அந்தியோக்கியக் காசு. பின்பக்கத்தில் இரண்டு தூண்களுக்கிடையே ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அந்நகரின் காவல் தெய்வமான டைக்கி அவள். காலடியில் ஒரோன்டஸ் ஆறு நீந்தும் இளைஞனாக இருக்கிறது. மதிப்பைச் சொல்லும் ஈ ஓரத்தில், கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும். ஆள்பவர் உறுதியான கிறிஸ்தவப் பேரரசர். அதே அரசர் காலத்துக் கான்ஸ்டான்டிநோபிளின் ஐந்து நம்மஸில் கிறிஸ்துவின் குறியான கை-ரோ பெரிதாக நடுவில் நிற்கிறது. அந்தியோக்கியாவிலோ பழைய தேவி தன் கோயிலில் உட்கார்ந்திருக்கிறாள். தேய்ந்த காசில் தூண்கள் இரண்டு நேர்க்கோடுகளாக மட்டும் தெரியும். அந்தக் கோடுகளே போதும்.

நம்மஸ்: கடினமான இடம்

எட்டு மில்லிமீட்டர், முக்கால் கிராம். இங்கே எண்ணெழுத்து பெரும்பாலும் இராது. அனஸ்தாசியஸின் நம்மஸில் பின்பக்கம் அவருடைய கூட்டெழுத்து. ஆனால் அவருக்கு முந்தைய மார்சியன், முதலாம் லியோ, சீனோ ஆகியோரும் கூட்டெழுத்து நம்மஸ்கள் அடித்தார்கள். பொதுவான வழக்கில் அவை பிற்கால ரோமக் காசுகளாகவே எண்ணப்படுகின்றன. சிங்கம் இருந்தால் லியோவை நினைக்கலாம். ஒரு பெண் நின்று, அவள் இருபுறமும் பி, ஈ என்ற எழுத்துகள் இருந்தால் லியோவின் அரசி வெரினா. கார்த்தேஜில் வாண்டல் அரசர்கள் அடித்த நம்மஸ்களும் இதே அளவுதான். அந்நகரை மீட்டபின் ஜஸ்டினியன் அடித்தவற்றில் வி-ஓ-டி என்ற எழுத்துகளும் அவற்றின் கீழே பதின்மூன்றைக் குறிக்கும் ரோமன் எண்ணும் உள்ள ஒரு வகை உண்டு. எழுத்து தெளிவாக இருந்தால் அதில் குழப்பமே வராது.

கூட்டெழுத்தைப் படிக்க ஒரே வழி, முதலில் நிமிர்ந்த கோடுகளை எண்ணி வரைவது, பிறகு அவற்றில் ஒட்டிய வளைவுகளைச் சேர்ப்பது. எந்தக் கோடு எந்த எழுத்து என்று வரையும்போது நினைக்காதீர்கள். வரைந்து முடித்தபின் காசை மூடிவைத்துவிட்டு, படத்தை நாணயப் பட்டியல் நூலில் உள்ள வடிவங்களோடு ஒப்பிடுங்கள்.

இலங்கையிலோ தமிழகத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 4, 5-ஆம் நூற்றாண்டுச் சிறு ரோமச் செப்புக் காசுகள் கடல் கடந்து நம் கரைகளுக்கு வந்திருக்கின்றன. கரூரிலும் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் ஏராளமாகக் கிடைப்பதோடு, அவற்றைப் பார்த்து அங்கேயே அடித்த போலிகளும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆகவே அந்த மண்ணில் கிடைத்த காசு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பைசண்டைன் என்று எழுதுவதற்கு முன் பிற்கால ரோமக் காசா, அதன் உள்ளூர்ப் போலியா என்று பாருங்கள். கிடைத்த இடத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள். என்னுடைய தட்டுக் காசுகளில் ஒன்றுக்குக்கூட அந்தத் தகவல் இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் அது.

எண்ணும் இல்லை, நகரமும் இல்லை என்றால்

காசு கிண்ணம் போல வளைந்திருந்தால் முதலாம் அலெக்சியஸ் கொம்னேனஸின் 1092 சீர்திருத்தத்துக்குப் பிந்தையது. அது வேறு உலகம். அதே காலத்தில் தட்டையாகவும் சிறு செப்புக் காசுகள் அடித்தார்கள். டெட்டார்டெரான் எனப்படும் இவற்றில் மதிப்பெழுத்து இராது, ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் கிறிஸ்து, மரியாள், புனிதர் யாராவது. ஈட்டி பிடித்த புனித ஜார்ஜின் மார்பளவு உருவமும் மறுபக்கம் மணிமுடி அரசரும் என்றால் முதலாம் மானுவல் (1143–1180) பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு பக்கம் கிறிஸ்து, மறுபக்கம் வரிவரியாக எழுத்து, அரசர் எங்குமே இல்லை என்றால் 970-ஐ ஒட்டித் தொடங்கிய பெயரிலா ஃபாலிஸ். அது பொதுவாகப் பெரியது, ஆனால் தேய்ந்தும் நறுக்கப்பட்டும் சிறு காசுகளோடு கலந்திருக்கும். எம் எழுத்தோடு அரபு எழுத்தும் தெரிந்தால், சிரியாவை அரபுகள் வென்றபின் பழைய மாதிரியில் அங்கே அடிக்கப்பட்டது.

மூன்று காசுகள், எழுதிப் பார்க்க

முதல் காசு: 21 மில்லிமீட்டர், 5.6 கிராம். கே. இடப்புறம் ஏ-என்-என்-ஓ. கீழே டி-ஈ-எஸ். வலப்புறம் எஸ் போன்ற வளைவு. முன்பக்கம் உட்கார்ந்த இரு உருவங்கள். பெயரில் ஓர் எழுத்தும் இல்லை. அரை ஃபாலிஸ், தெசலோனிக்கா, இரண்டாம் ஜஸ்டினும் சோஃபியாவும், 6-ஆம் ஆண்டு, 570-71. பெயரின் உதவியே இல்லாமல் அனைத்தும் கிடைத்துவிட்டது.

இரண்டாவது: 13 மில்லிமீட்டர், 1.9 கிராம். பிறை வடிவ ஈ, வலப்புறம் டெல்டா. முன்பக்கம் கூட்டெழுத்து. இரண்டாம் ஜஸ்டின், ஐந்து நம்மஸ், நான்காம் பட்டறை, கான்ஸ்டான்டிநோபிளாக இருக்கலாம். அந்த "இருக்கலாம்" அட்டையிலும் ஏற வேண்டும்.

மூன்றாவது: 18 மில்லிமீட்டர், 4.8 கிராம். ஐ, ஏ-என்-என்-ஓ, வலப்புறம் இரண்டு எக்ஸ், அதன் கீழே ஏதோ தொடர்கிறது, அடிப்பகுதி தேய்ந்துவிட்டது. நேர்முகம். வலப்புற விளிம்பில் ஏ-என்-வி. இரண்டாம் ஜஸ்டின், ஃபோகாஸ் இருவரும் எண்ணால் விலகுகிறார்கள். மோரிஸும் அநேகமாக விலகுகிறார். விளிம்பின் மூன்று எழுத்துகள் ஜஸ்டினியனின் பெயரின் கடைசிப் பகுதியில் பொருந்துகின்றன. பத்து நம்மஸ், ஜஸ்டினியன், 547 அல்லது அதற்குப் பின், நகரம் தெரியவில்லை. விற்பனைச் சீட்டுகளில் இப்படிப்பட்ட காசுக்குக் கான்ஸ்டான்டிநோபிள் என்று துணிந்து எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். காசு சொல்லாததை அதன் வாயில் வைப்பது அந்தக் காசுக்குச் செய்யும் அநியாயம்.

அட்டையில் என்ன எழுதுவது

விட்டம், எடை, வாங்கிய இடம், தேதி. அதன் கீழே காண்பவை மட்டும், படத்தோடு. ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முடிவு: மதிப்பு, நகரம், அரசர், ஆண்டு, எது உறுதி, எது ஊகம். கடைசியாகப் பட்டியல் எண். சேகரிப்பாளர்கள் பொதுவாகப் பயன்படுத்துவது டேவிட் சியரின் பைசண்டைன் நாணயப் பட்டியலின் எண்களை. ஏலங்களும் விற்பனைச் சீட்டுகளும் அந்த எண்ணையே குறிக்கும். அந்த எண்ணைப் போட்டு விற்பனைப் படங்களைத் தேடினால் ஒரே வகையின் பத்துப் பதினைந்து காசுகளைப் பார்க்கலாம். உங்கள் காசில் அழிந்த பாகம் அவற்றில் ஒன்றிலாவது இருக்கும். ஒப்பிட அருங்காட்சியகக் காசுகள் வேண்டுமென்றால் வாஷிங்டனின் டம்பார்டன் ஓக்ஸும் பர்மிங்காமின் பார்பர் நுண்கலை நிறுவனமும் பெரிய பைசண்டைன் தொகுப்புகளை வைத்திருக்கின்றன.

வேறொருவரிடம் கேட்பதாக இருந்தால், விளக்கை மேல் இடப்புறத்தில் தாழ வைத்து, இரு பக்கங்களையும் ஒரே அளவில் படம் எடுங்கள். பின்பக்கத்தின் மதிப்பெழுத்து நிமிர்ந்து நிற்கட்டும். எடையும் விட்டமும் உடன் எழுதுங்கள். உங்கள் ஊகத்தைச் சொல்லாதீர்கள்; சொன்னால் பார்ப்பவரும் அதையே பார்ப்பார். பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் காசுகளைப் போடாதீர்கள், அவை செம்பைப் பச்சைப் பிசினாக்கும். அமிலமற்ற காகித உறை போதும்.